மூன்று முறை இருபத்தைந்து

வட்டம் என்று ஒன்று உலகத்தில் கிடையாது. பதினோரு வருஷமாக நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எங்கள் பட்டறையில் லேத் ஓட்டுகிறவர்களிலிருந்து டீ கொண்டுவருகிறவர் வரை கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனவர்கள். தட்டு வட்டந்தானே, வளையல் வட்டந்தானே என்று யாராவது வம்புக்கு இழுப்பார்கள். நான் விடமாட்டேன். மையத்திலிருந்து விளிம்பில் எந்த இடத்துக்குப் போனாலும் தூரம் ஒன்றாக இருந்தால்தான் வட்டம். இரும்பில் அப்படி வராது, தங்கத்தில் வராது, கண்ணாடியில் வராது. எவ்வளவு தேய்த்தாலும் எங்கேயோ ஒரு மேடு, எங்கேயோ ஒரு பள்ளம் இருந்தே தீரும். நோட்டில் காம்பஸ் வைத்துப் போடுவதுகூட வட்டமில்லை, ஒழுங்காகப் பரப்பிய பென்சில் கரி என்பேன். "டீச்சர் ஆரம்பிச்சிருச்சு" என்று சொல்லிவிட்டு ஆளாளுக்கு எழுந்து போவார்கள்.

நான் டீச்சர் இல்லை. டீச்சராக ஆசைப்பட்டு பி.எஸ்ஸி. கணக்கும் பி.எட்.டும் முடித்துவிட்டு, பரீட்சைமேல் பரீட்சை எழுதிச் சலித்து, கடைசியில் திண்டுக்கல் பைபாஸ் ஓரம் இருக்கும் இந்தப் பட்டறைக்கு அளவு பார்க்க வந்தவள். முதலாளி ஸ்டீபன்ராஜ் சார் எங்கள் சர்ச் பங்கைச் சேர்ந்தவர். அவர்தான் அப்பாவிடம் சொல்லி என்னை எடுத்துக்கொண்டார். சுற்றுவட்டாரத்து நூல் மில்களின் மெஷின்களுக்கு ஷாஃப்ட் செய்து கொடுக்கிறோம். ஷாஃப்ட் என்றால் வேறொன்றுமில்லை, சுழல்வதற்கான உருண்டை இரும்புத் தண்டு. கிரைண்டிங் முடிந்து என் மேஜைக்கு வரும். மைக்ரோமீட்டரின் இரண்டு தாடைக்கு நடுவில் தண்டைப் பிடித்து, கொஞ்சம் திருப்பி இன்னொரு முறை, இன்னும் கொஞ்சம் திருப்பி மூன்றாவது முறை குறுக்களவு பார்ப்பேன். மூன்றும் வரம்புக்குள் இருந்தால் சீட்டில் எழுதி ஐரின் என்று கையெழுத்துப் போடுவேன். என் கையெழுத்து இல்லாமல் ஒரு தண்டும் கேட்டைத் தாண்டாது. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

அந்தத் திமிரால் பேச்சிமுத்து என்கிற மனிதருக்கு நான் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

போன மாசியில் ஒரு வியாழக்கிழமை, நிலக்கோட்டைப் பக்கம் நாங்கள் ஷாஃப்ட் கொடுக்கும் மில் ஒன்றில் தீப்பிடித்தது. பஞ்சுத் தூசியை உறிஞ்சுகிற பெரிய விசிறி ஒன்று உண்டு. அதன் ஷாஃப்ட், தன்னைத் தாங்கும் புஷ் என்ற உலோகக் குழலுக்குள் உரசி உரசிச் சூடேறி, பழுத்து, மேலே படிந்திருந்த பஞ்சு பற்றிக்கொண்டது. பக்கத்தில் கழிவுப் பஞ்சு கூட்டிக்கொண்டிருந்த மாயக்காள் என்ற பெண்ணின் சேலையில் தீ ஏறியது. மதுரை ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் கிடந்து இறந்துபோனாள். முப்பத்தாறு வயசு. புருஷன் விட்டுப்போனவள், எட்டாவது படிக்கிற தமிழ்நிலா என்ற மகளும் அம்மாவும்தான் வீட்டில்.

அந்த விசிறிக்கு ஷாஃப்ட் மாட்டி, தினமும் கிரீஸ் அடித்துப் பராமரிக்க வேண்டியவர் ஃபிட்டர் பேச்சிமுத்து. மாயக்காளும் அவரும் சேவுகம்பட்டிக்காரர்கள். ஒரே வேனில் மில்லுக்கு வருகிறவர்கள். அவளை மில்லில் சேர்த்துவிட்டதே அவர்தான். கிரீஸ் அடிக்கவில்லை, அதனால்தான் காய்ந்து உரசியது என்று மில் சொன்னது. இல்லை என்று காட்ட அவரிடம் எதுவும் இல்லை. இருந்த கிரீஸெல்லாம் தீயில் போய்விட்டது. ஃபிட்டர்கள் அறைச் சுவரில் ஒரு சார்ட் தொங்கும், தினமும் அடித்ததும் அதில் டிக் போட வேண்டும். எந்த மில்லிலும் எந்த ஃபிட்டரும் தினமும் போடுவதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து வாரம் முழுவதுக்கும் சேர்த்து ஆறு டிக் போடுவார்கள். தீப்பிடித்தது வியாழன். அந்த வாரத்துக் கட்டங்கள் ஆறும் வெறுமையாக இருந்தன.

மாயக்காள் இறந்த மூன்றாம் நாள் மத்தியானம் பேச்சிமுத்து அண்ணன் எங்கள் பட்டறைக்கு வந்தார். ஐம்பதை ஒட்டிய வயசு, ஒல்லியான ஆள். துண்டுக்குள் எதையோ சுற்றிக் குழந்தையைப் போல மார்போடு பிடித்திருந்தார். பிரித்தால் ஷாஃப்ட். எரிந்தது மில்காரர்களிடம் இருந்தது. இது அதே லாட்டில் நாங்கள் அனுப்பி, ஸ்டோரில் மாட்டாமல் கிடந்த ஒன்று.

"மேடம், ஒரே ஒரு தடவ அளந்து பாருங்க" என்றார். "நான் கிரீஸ் அடிச்சேன். காலைல ஆறரைக்கு, டூட்டி ஏறுன ஒடனே. மூணு அமுக்கு அமுக்குனேன். பழசு வெளிய பிதுங்கி வந்துச்சு, வேஸ்ட் துணி வச்சுத் தொடச்சேன். அப்படியும் எரிஞ்சிருக்குன்னா இதுலதான் ஏதோ இருக்கணும். ரெண்டு வாரத்துக்கு முந்தி மாட்டும்போதே புஷ்ஷுக்குள்ள போகாமப் பிடிச்சுச்சு மேடம். சுத்தியல வச்சுத் தட்டித்தான் எறக்குனேன்."

என் சீட்டு, என் கையெழுத்து. எனக்குச் சுருக்கென்றது. "ஒக்காருங்கண்ணே, ஒங்க கண்ணு முன்னாடியே பாப்போம்" என்று மைக்ரோமீட்டரை எடுத்தேன்.

முதல் அளவு இருபத்தைந்து மில்லிமீட்டர். கோடும் கோடும் நேராகப் பொருந்தி நின்றன. திருப்பிப் பிடித்தேன். இருபத்தைந்து. இன்னொரு முறை திருப்பினேன். மறுபடியும் இருபத்தைந்து. சாதாரணமாக ஒன்று கொஞ்சம் கூடும், ஒன்று கொஞ்சம் குறையும், வரம்புக்குள் இருக்கிறதா என்றுதான் பார்ப்போம். மூன்றும் மயிரிழை பிசகாமல் ஒன்றாக வந்ததை நான் அதுவரை பார்த்ததில்லை. இன்னும் ஆறு திசையில் பிடித்துப் பார்த்தேன். எல்லாம் அதே இருபத்தைந்து.

எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கூசுகிறது. எதிரே ஒரு மனிதர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் கிரைண்டிங் மிக்கேல்ராஜைக் கூப்பிட்டு, "வாங்க, வந்து பாருங்க, ஒங்க கையில வட்டம் விழுந்திருக்கு" என்று காட்டினேன். இரண்டு மூன்று பேர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "வட்டமே கெடையாதுன்னு சொல்லுவீங்க, இப்ப என்ன சொல்றீங்க" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பேச்சிமுத்து அண்ணன் சிரிக்கவில்லை. "அப்ப ஷாஃப்ட்டுல கோளாறு இல்லியா மேடம்?"

"இத விட ஒழுங்கான ஷாஃப்ட்ட நான் பாத்ததே இல்லண்ணே."

"மாட்டும்போது பிடிச்சுச்சே."

"கொஞ்சம் சாய்வா எறக்கியிருப்பீங்க."

அவர் துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "அப்ப எம்மேலதானா?"

இதற்கு நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு பேசினேன். "நான் அப்படிச் சொல்லலண்ணே. மனுசந்தான, ஒரு நா மறந்திருக்கும். தெனம் செய்யிற வேலையில அப்படி ஆகும். நேத்து அடிச்சத இன்னைக்கு அடிச்சதா மனசு நெனச்சுக்கும். எங்க வீட்டுலயே கேஸ மூடிட்டேன்னு சத்தியம் பண்ணுவேன், போய்ப் பாத்தா தெறந்து கெடக்கும்."

அவர் மடித்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "இருக்குமோ" என்றார். என்னிடம் கேட்கவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஷாஃப்ட்டை எடுத்துக்கொண்டு போகவில்லை. இங்கேயே இருக்கட்டும் மேடம், இனி எனக்கு எதற்கு என்று வைத்துவிட்டுப் போனார். நான் அதைத் துடைத்து, எண்ணெய் பூசி, என் மேஜை மேலேயே வைத்துக்கொண்டேன். பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் அளந்து காட்டினேன்.

மூன்று வாரம் கழித்து ஸ்டீபன்ராஜ் சார் என் மேஜைக்கு வந்தார். முகத்தில் ஒரு பாரம் இறங்கியிருந்தது. "அந்த ஃபிட்டர் விசாரணையில எழுதிக் குடுத்துட்டாராம்மா. 'ஷாஃப்டை அளந்து பார்த்துவிட்டார்கள், அது சரியாக இருக்கிறது, நான்தான் கிரீஸ் அடிக்க மறந்திருக்கிறேன்'னு. வேலைய விட்டு எடுத்துட்டாங்க. போலீஸ் கேஸ் தனியா நடக்கும்போல. பாவம், நல்ல மனுசன்." அப்புறம், "நல்ல வேள, நம்ம ஷாஃப்ட்டு சரியா இருந்துச்சு" என்றார்.

அளந்து பார்த்துவிட்டார்கள் என்ற வார்த்தை எனக்கு அன்று முழுக்க உள்ளே குத்தியது. ஆனாலும் அளந்தது உண்மை, வந்த அளவு உண்மை. உண்மையைச் சொன்னதற்கு நான் ஏன் கஷ்டப்பட வேண்டும் என்று என்னையே அதட்டிக்கொண்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனபோது பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். என்ன பாவம் என்று சொல்வது என்று தெரியாமல் பாதியில் விலகி வந்துவிட்டேன்.

வைகாசியில் பட்டறைக்குப் புது டயல் கேஜ் ஒன்று வாங்கினோம். கடிகாரம் போல வட்ட முகம், ஒரு முள், கீழே ஒரு சின்ன மூக்கு. மூக்குக்கு அடியில் இருக்கும் பொருள் துளி மேலே வந்தாலும் முள் நகர்ந்து காட்டிவிடும். வாங்கியது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதிக்க, நிச்சயமாக உருண்டையான பொருள் ஒன்று வேண்டும். பட்டறையிலேயே அப்படி நிச்சயமானது என் மேஜை மேல் இருந்தது.

வி-பிளாக் என்று ஒரு இரும்புக் கட்டை உண்டு. நடுவில் வாய்க்கால் போல இரண்டு சரிவு வெட்டியிருக்கும், தண்டு அதில் உருளாமல் கிடக்கும். கோடு கீறுவதற்கு மட்டுந்தான் நாங்கள் அதை எடுப்போம். அதில் பேச்சிமுத்து அண்ணனின் ஷாஃப்ட்டைக் கிடத்தி, மேலே டயலை நிறுத்தி, விரலால் மெதுவாகத் திருப்பினேன்.

முள் நகர்ந்தது.

மேலே போனது, இறங்கியது. மேலே போனது, இறங்கியது. ஒரு சுற்று முடிவதற்குள் மூன்று முறை ஏறி மூன்று முறை இறங்கியது. ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பங்கிட்டால் அதில் ஆறு பங்கு. எங்கள் வேலையில் அது சின்ன அளவே இல்லை.

புது டயல் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். கடைக்காரனைத் திட்டிக்கொண்டே பழைய டயலை எடுத்து மாட்டினேன். அதிலும் மூன்று ஏற்றம், மூன்று இறக்கம். வி-பிளாக்கில் தூசி இருக்கும் என்று துடைத்தேன். ஷாஃப்ட்டைத் தலைமாற்றிப் போட்டேன். அதே மூன்று. மைக்ரோமீட்டரை எடுத்து மறுபடி அளந்தேன். இருபத்தைந்து, இருபத்தைந்து, இருபத்தைந்து.

மைக்ரோமீட்டரைக் கீழே வைத்தேன். இந்த உருவத்தை எனக்குத் தெரியும். கல்லூரி இரண்டாம் வருஷம் இதை நான் வரைந்திருக்கிறேன். சமபக்க முக்கோணம் ஒன்றைப் போட்டு, ஒவ்வொரு முனையிலும் காம்பஸை ஊன்றி எதிர்ப்பக்கத்தில் வில் இழுத்தால் மூன்று பக்கமும் உப்பிய முக்கோணம் ஒன்று கிடைக்கும். எந்தப் பக்கமாகப் பிடித்து அகலம் பார்த்தாலும் ஒரே அளவு. ஆனால் வட்டம் இல்லை. முனைகளை மழுங்கவைத்து, பார்த்தால் வட்டமென்றே தோன்றும் அளவுக்குக் கொண்டுவந்தாலும் அகலம் எல்லாப் பக்கமும் ஒன்றாகவே இருக்கும். எல்லாத் திசையிலும் அகலம் சமமாக உள்ள உருவம் வட்டமாகத்தான் இருக்க வேண்டுமா என்று பரீட்சையில் கேட்டிருந்தார்கள். இல்லை என்று எழுதி, படம் போட்டு, முழு மார்க் வாங்கினேன். அதெல்லாம் காகிதத்து விஷயம், யார் அப்படி ஒன்றைச் செய்துகொண்டு வரப்போகிறார்கள் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

எங்கள் கிரைண்டிங் மெஷின் செய்திருக்கிறது. அது தண்டை மையத்தில் பிடிப்பதில்லை. இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் உருட்டித் தேய்க்கும். ஒரு பக்கத்து மேடு எதிர்ப்பக்கத்தில் பள்ளத்தை உண்டாக்கும், அகலம் மட்டும் மாறாது. மைக்ரோமீட்டரும் அகலத்தைத்தான் பார்க்கும். பாவம், அதற்கு வேறு கண் கிடையாது. அளவு அவ்வளவு ஒழுங்காக வந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வட்டம் கிடையாது என்று பதினோரு வருஷம் பேசியவள், ஒன்று கையில் கிடைத்ததாகத் தெரிந்ததும் மகிழ்ந்துபோய் நம்பிவிட்டேன்.

உப்பிய மூன்று முனையும் புஷ்ஷுக்குள் உரசியிருக்கும். மாட்டும்போதே பிடித்தது என்று அந்த மனிதர் சொன்னார். எவ்வளவு கிரீஸ் அடித்திருந்தாலும் ஒரு நாள் சூடேறியிருக்கும்.

ஸ்டீபன்ராஜ் சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நான் விளக்க ஆரம்பித்தபோது கையைக் காட்டி நிறுத்திவிட்டு, தானே குனிந்து ஷாஃப்ட்டைத் திருப்பினார். ஒரு சுற்று. இரண்டு சுற்று. முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

"இந்த மாதிரி எத்தன அனுப்பியிருக்கோம்?"

"தெரியல சார். இதுவரைக்கும் யாரும் இப்படிப் பாத்ததில்ல. நானும் பாத்ததில்ல."

அவர் தன் அறைக்குப் போய் மில்காரர்கள் கொடுத்திருந்த டிராயிங்கைக் கொண்டுவந்து மேஜையில் விரித்தார். "இதுல என்ன போட்டிருக்கு? இருபத்தஞ்சு மில்லி, கூடக்கொறைய இம்புட்டு. அம்புட்டுத்தான். ரவுண்டா இருக்கணும்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

"வட்டமாத்தான வரைஞ்சிருக்கு சார்."

"வரையிறப்ப எல்லாமே வட்டந்தாம்மா." டிராயிங்கை மடித்தார். "நாளைக்குலருந்து எல்லாத்தையும் இப்படிப் பாத்து அனுப்புவோம். அந்த மெஷின நிறுத்திச் சரி பண்ணுவோம். ஆனா போனதப் பத்திப் பேச வேணாம். கேட்டதக் குடுத்திருக்கோம். இருவத்திரெண்டு குடும்பம் இத நம்பி இருக்கு."

"அவரு செய்யாத தப்ப ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்திருக்காரு சார்."

"அவருதான எழுதினாரு? நாமளா எழுதச் சொன்னோம்?"

நான்தான் எழுதச் சொன்னேன் என்று என் வாய் வரை வந்தது. சார் கெட்டவர் இல்லை. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் போனார். எனக்கு ஆத்திரம் அவர் மேல் வரவில்லை, எங்கே திரும்பினாலும் என் மேல்தான் வந்தது.

மறுநாள் லீவு சொல்லிவிட்டேன். வி-பிளாக், டயல், ஷாஃப்ட் மூன்றையும் யாரிடமும் கேட்காமல் ஒரு கட்டைப்பையில் வைத்து, செம்பட்டி வழியாகப் போகிற வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏறினேன். மடியில் இரும்பு கனத்தது. முந்தின நாளே வீட்டில் உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்கு ஒரு வாக்குமூலம் எழுதி வைத்திருந்தேன். ஷாஃப்ட் வட்டமில்லை, நான் பார்த்த முறை தவறு, சொன்னது தவறு என்று எல்லாவற்றையும் எழுதி, கடைசியில், 'பேச்சிமுத்து அன்று காலை கிரீஸ் அடித்திருந்தும் இந்த விபத்து நேர்ந்தது' என்று முடித்திருந்தேன். வேலை போனால் போகட்டும். கோர்ட்டில் வந்தும் சொல்வேன். அந்தக் கடைசி வரியைப் படிக்கும்போது அவர் முகம் எப்படி இருக்கும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன். ஒரு பொருளைத் தொலைத்தவரிடம் அதைத் திருப்பிக் கொடுக்கப் போகிற மாதிரி இருந்தது.

சேவுகம்பட்டியில் வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை. அவர் மனைவி நாகஜோதி கதவருகில் நின்று யார் என்று கேட்டார். சொன்னதும் முகம் இறுகியது. "அளந்து சொன்ன மேடமா? இருங்க. நெலக்கோட்ட மார்க்கெட்டுல பூ மூட்ட ஏத்தப் போறாரு இப்ப. வார நேரந்தான்." தண்ணீர் கொடுத்தார். உள்ளே போய்விட்டார்.

பேச்சிமுத்து அண்ணன் வந்தபோது சட்டையெல்லாம் மல்லிகை வாசம். இன்னும் இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் தப்புச் செய்தவர் போல வாசலிலேயே ஒதுங்கி நிற்கப் பார்த்தார். "ஏன் மேடம் இம்புட்டுத் தூரம்? சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேன்ல."

அடுப்பங்கரையில் கடப்பாக்கல் மேடை ஒன்று இருந்தது. நாகஜோதி அக்கா பாத்திரங்களை ஒதுக்கித் தந்தார். வி-பிளாக்கை வைத்து, ஷாஃப்ட்டைக் கிடத்தி, டயலை நிறுத்தினேன். "நீங்களே திருப்புங்கண்ணே. முள்ளப் பாருங்க."

திருப்பினார். முள் ஏறியது, இறங்கியது. முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்த மனிதர், நான் விளக்கத் தேவையே இருக்கவில்லை. "மூணு மேடு" என்றார். மறுபடி திருப்பினார். "அதான் பிடிச்சுச்சு."

"ஆமாண்ணே. நான் சொன்னது தப்பு. நீங்க சாய்வா எறக்கல. ஷாஃப்ட்டு வட்டமே இல்ல. நான் அகலத்த மட்டும் பாத்துட்டு ஒங்ககிட்ட அப்படிப் பேசிட்டேன். என்ன மன்னிச்சிருங்க."

நாகஜோதி அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "நான் தலபாடா அடிச்சுக்கிட்டேன், நீங்க மறக்குற ஆளு இல்லன்னு. கேட்டீங்களா" என்று அழுதார்.

அவர் இன்னும் திருப்பிக்கொண்டே இருந்தார். அப்புறம் விரலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப, நான் கிரீஸ் அடிச்சேனா மேடம்?"

எனக்குப் புரியவில்லை. "நீங்கதானண்ணே சொன்னீங்க. ஆறரைக்கு, மூணு அமுக்கு அமுக்குனேன், பழசு பிதுங்கி வந்துச்சு, தொடச்சேன்னு."

"சொன்னேன். ஒங்ககிட்டச் சொன்னது நல்லா ஞாபகம் இருக்கு. அடிச்சது ஞாபகம் இல்ல."

"அன்னைக்கு இருந்துச்சேண்ணே."

"அன்னைக்கு இருந்துச்சு." சுவரோரமாக உட்கார்ந்தார். "நீங்க நேத்து அடிச்சத இன்னைக்குன்னு நெனச்சுக்குவோம்னு சொன்னீங்கள்ல. அதுக்கப்பறம் தெனம் அந்தக் காலையத் திரும்பத் திரும்ப நெனச்சுப் பாத்தேன். மொத வாரம் கையில கிரீஸ் கன் இருந்துச்சு. அப்பறம் அது புதங்கெழமையா, வியாழக்கெழமையான்னு வந்துச்சு. போகப் போகக் கை சும்மா இருந்துச்சு மேடம். நேரா விசிறியப் பாக்காமக் கடந்து போற மாதிரியே தெரிஞ்சுச்சு. அதத்தான் எழுதிக் குடுத்தேன். பொய் எழுதல. எழுதும்போது எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுச்சு." கொஞ்சம் நிறுத்தி, "மாயக்கா மககிட்டயும் போய்ச் சொல்லிட்டேன். ஒங்கம்மாவக் கொன்னது நாந்தான் தாயின்னு. அது பள்ளிக்கூடப் பையக் கட்டிக்கிட்டு நின்னுச்சு" என்றார்.

"கிரீஸ் அடிச்சிருந்தாலும் அது எரிஞ்சுதாண்ணே இருக்கும். ஷாஃப்ட்டுதான் காரணம்."

"அடிச்சிருந்தா செத்த நேரம் கழிச்சு எரிஞ்சிருக்குமோ. அவ கூட்டிட்டு அந்தப் பக்கம் போயிருப்பாளோ." அவர் என்னிடம் வாதாடவில்லை. நிஜமாகவே கேட்டார். அதற்கு என்னிடம் அளவு இல்லை.

பையிலிருந்து வாக்குமூலத்தை எடுத்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு, உதடு அசைய, இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் விரலை அதன் மேல் வைத்தார்.

"ஷாஃப்ட்டப் பத்தி எழுதுனதெல்லாம் குடுங்க மேடம். அது ஒங்க கண்ணால பாத்தது. இந்த வரி வேணாம்."

"அண்ணே, அதுதான் முக்கியம்."

"நான் அடிச்சேன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியலையே."

நாகஜோதி அக்கா அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். "இருந்துட்டுப் போகட்டுமேங்க. அந்த ஒரு வரிதான ஒங்களக் காப்பாத்தும்."

"தெரியாதத எழுதிட்டு அந்தப் புள்ள மொகத்துல நான் எப்படி முழிக்க?" என்றார் அவர். சத்தமே இல்லாமல்தான் சொன்னார். காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார்.

பையில் பேனாவைத் தேடி எடுத்தேன். அவர் மறந்திருப்பார் என்று அவரிடம் முதலில் சொன்னவள் நான். அவர் மறக்கவில்லை என்று எழுதிய வரியின் மேல் கோடு போட்டு நீக்கியதும் நான்தான்.